எலுமிச்சையில் பச்சைப் பூசணம்: செங்கல் குளிர்தொட்டியில் செய்து பார்த்தது

எலுமிச்சை விலைக்கு நிதானம் கிடையாது. இந்த வாரம் மூட்டையைக் கொண்டுபோய் இறக்கினால் கமிஷன் கடையில் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அவர்களே போன் போட்டு ‘காய் இருக்கா’ என்பார்கள். தென்காசி மாவட்டத்தில் புளியங்குடிச் சந்தையை நம்பி மரம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பழகிப்போன விஷயம். விலை விழுந்து கிடக்கும் அந்த இரண்டு மூன்று வாரத்தைத் தாண்டுவதற்காகத்தான் கிணற்றடி வேப்பமர நிழலில் ஒரு செங்கல் குளிர்தொட்டி கட்டினோம்.

தொட்டியின் வடிவம் என்னுடையதல்ல. டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் வகுத்துக் கொடுத்தது. மின்சாரம் வேண்டாம். 165 செ.மீ. நீளம், 115 செ.மீ. அகலத்தில் செங்கல் தளம். அதன் மேல் 67.5 செ.மீ. உயரத்துக்கு இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவே 7.5 செ.மீ. இடைவெளி விட்டு அதில் ஆற்று மணலை நிரப்ப வேண்டும். காலையும் மாலையும் மணலை நனைத்துவிட்டால், ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும். ஆற்று மணல் இன்று விற்கும் விலைக்கு இதற்கென்று வாங்க மனம் வராது. வீடு கட்டியபோது மிஞ்சிய மணல் கிடந்ததால் தப்பித்தேன். மூடிக்கு வெட்டிவேர்த் தட்டி நல்லது என்பார்கள். நான் மூங்கில் சட்டத்தில் சணல் சாக்கை இரண்டு மடிப்பாகத் தைத்துப் போட்டுக்கொண்டேன்.

குளிர்ச்சியில் குறை சொல்ல முடியாது. வெளியே 38 டிகிரி கொளுத்தும் மதியத்திலும் உள்ளே 26, 27 தாண்டவில்லை. ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நின்றது. காய் வதங்கவில்லை, தோல் சுருங்கவில்லை.

ஆனால் அழுகியது. வெளியே சாக்கில் கிடந்த காயைவிட அதிகமாக அழுகியது. வெளியில் இருப்பது காய்ந்து சுக்காகிவிடும். தொட்டிக்குள் இருப்பது பச்சை மாவைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த அழுகலைக் கட்டுக்குள் கொண்டுவந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆளை அடையாளம் காண்பது

எல்லா அழுகலும் ஒன்றல்ல. மருந்தும் ஒன்றல்ல. அதனால் முதல் வேலையாக அழுகும் காய்களைத் தனியே ஒரு தட்டில் வைத்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் தோலில் ஒரு சுண்டைக்காய் அளவு இடம் நீர் கோத்த மாதிரி நிறம் மாறும். விரலால் தொட்டால் அந்த இடம் மட்டும் அமுங்கும். இந்தக் கட்டத்தில் பூசணம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அவசரமாகப் பொறுக்கும்போது நல்ல காயோடு சேர்ந்து கிரேட்டுக்குள் போவது இதுதான். மறுநாள் அந்த இடம் இரண்டு மூன்று மடங்கு பரந்து, நடுவில் வெள்ளை இழை படரும். அடுத்த நாள் வெள்ளையின் நடுவிலிருந்து ஆலிவ் பச்சையில் தூள் கட்டத் தொடங்கும். பச்சைக்கும் நல்ல தோலுக்கும் இடையில் வெள்ளை ஒரு பட்டையாக அகலமாக நிற்கும். காயை அசைத்தால் தூள் புகையாக எழும்.

இதுதான் பெனிசிலியம் டிஜிடேட்டம். எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி என்று நாரத்தைக் குடும்பத்துப் பழங்களைப் பறித்த பிறகு கெடுப்பதில் உலகம் முழுக்க முதல் குற்றவாளி. இதற்கு நெருங்கிய சொந்தம் பெனிசிலியம் இட்டாலிகம். அதன் தூள் நீலமாக இருக்கும், வெள்ளைப் பட்டை ஒடுங்கியிருக்கும். ஒரு காயிலிருந்து ஒட்டியிருக்கும் அடுத்த காய்க்கு நேராகவே தாவும். குளிர்பதனக் கிடங்குகளில் அதன் தொல்லைதான் பெரிது. எங்கள் தொட்டியில் அது எப்போதாவதுதான் தலைகாட்டியது. காம்பைச் சுற்றிப் பழுப்பாகத் தொடங்கி உள்ளே இறங்குவது காம்பழுகல், அது வேறு பூசணத்தின் வேலை. புளிச்ச வாடை அடித்துக் கொசகொசவென்று நீர் விட்டு, பழ ஈ மொய்த்தால் அது புளிப்பழுகல். கறுப்புத் தூள் கட்டினால் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர், வெங்காயத் தோலில் கரிப்பொடியாக ஒட்டியிருக்குமே, அது.

பச்சைத் தூளை செலோடேப்பில் ஒற்றியெடுத்து ஃபோல்ட்ஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய காகித மைக்ராஸ்கோப் அது, பள்ளிப் பிள்ளைகள் கையில் இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். சங்கிலி சங்கிலியாக வித்துகள் தெரிந்தன, பூசணத்துக்கு விதை மாதிரி இந்தத் தூள்தான். உருண்டையாக இல்லை, சற்று நீண்டு அரிசி மணி வாக்கில் இருந்தன. நீளம் 6 முதல் 8 மைக்ரான் என்று புத்தகங்களில் இருக்கிறது. இந்த இனத்தில் இது பெரிய சைஸ். பெனிசிலியம் என்றதும் ‘அதிலிருந்துதானே பென்சிலின் மருந்து?’ என்று கேட்பார்கள். அது வேறு இனம். அதிகமாக மருந்து சுரக்கும் வகையை 1943-இல் அமெரிக்காவில் பியோரியா என்ற ஊரில் பூசணம் பிடித்த ஒரு முலாம்பழத்திலிருந்து எடுத்தார்கள். நம்முடையது எலுமிச்சைக் குடும்பத்தைக் கெடுப்பதைத் தவிர வேறு உபகாரம் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை.

சரி, வெளியே காயும் காய் தொட்டியில் ஏன் அழுகுகிறது? இந்தப் பூசணம் நன்றாக வளரும் சூடு 24, 25 டிகிரி. 30-ஐத் தாண்டினால் தளரும், 37-இல் வளராது. வித்து முளைக்க ஈரம் வேண்டும். நாம் செங்கல் அடுக்கி, மணல் நனைத்து, விருந்தாளிக்குப் பாய் விரித்த மாதிரி இரண்டையும் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். கடைத் தெருவில் மிளகாயோடு கோத்துக் கட்டும் எலுமிச்சையைக் கவனித்தால் இது புரியும். ஊசி குத்திய காய்தான், ஆனாலும் பெரும்பாலும் பூசணம் பிடிக்காமல் காய்ந்து கருத்துப் போகும், வெயிலும் காற்றும் அதைவிட வேகமாக வேலை செய்வதால். அதே காயை மாலையாகக் கட்டிக் காற்றோட்டமில்லாத கர்ப்பக்கிருகத்தில் போட்டால் ஊசி நுழைந்த துளையைச் சுற்றித்தான் பச்சை கட்டும்.

காயம் இல்லாமல் நுழையுமா

அந்தத் துளைதான் என்னை அடுத்த சோதனைக்குக் கொண்டுபோனது. குறையில்லாத காய்களாகப் பொறுக்கி, கழுவித் துடைத்து, மூன்று டப்பாவில் ஈரத்துணி விரித்து வைத்தேன். முதல் டப்பாவில் காயைக் குத்தாமல், அழுகிய காயின் தூளைப் பஞ்சில் தொட்டு மேலே பூசினேன். இரண்டாவதில் தையல் ஊசியால் இரண்டு மில்லி ஆழத்துக்குக் குத்திவிட்டுத் தூள் பூசினேன். மூன்றாவதில் குத்தினேன், தூள் பூசவில்லை.

மூன்றாம் நாள் இரண்டாவது டப்பாவில் ஊசி பட்ட இடமெல்லாம் அமுங்கியது. வாரம் முடிவதற்குள் அந்த டப்பாவைத் திறக்கவே மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. மூன்றாவது டப்பாவில் சில காய்கள் போயின, காற்றில் மிதக்கும் வித்தே போதுமானதாக இருந்திருக்கிறது. முதல் டப்பாவில் பச்சைத் தூளைப் பவுடராகப் பூசியிருந்தும் காய்கள் கல்லுமாதிரி இருந்தன. அவற்றைக் கழுவிப் பார்த்தால் தோலில் ஒரு புள்ளி கிடையாது.

தூளுக்குத் தோலைத் துளைக்கும் தெம்பு இல்லை. தோல் கிழிந்து எண்ணெய்ச் சுரப்பிகள் உடைந்து, சாறும் வாசனையும் வெளியே வரும் இடத்தில்தான் வித்து முளைக்கிறது. அந்த வாசனையே அதற்கு முளைக்கத் தூண்டுதல். முளைத்தபின் அமிலத்தையும் நொதியையும் விட்டு, செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கரைத்துக்கொண்டே போகும். காய் கொழகொழத்துப் போவது அதனால்தான். எலுமிச்சையில் தோலும் வெள்ளைச் சதையும் மெல்லிசு என்பதால் சுளைக்குப் போய்ச் சேர அதற்கு நேரமே ஆவதில்லை.

ஒரு அழுகிய ஆரஞ்சுப் பழத்தில் 100 முதல் 200 கோடி வித்துகள் உண்டாகின்றன என்று கணக்கு இருக்கிறது. நம் எலுமிச்சை சின்னது என்றாலும் தோட்டத்து மண், சாக்கு, கிரேட், தொட்டிச் சுவர், என் சட்டை எல்லாவற்றிலும் இது இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வித்தை ஒழிக்கிறேன் என்று இறங்கினால் முடியாது. காயத்தைக் குறைக்கலாம்.

நீலத்தில் தெரிந்த நகக்குறி

எங்கே காயம் படுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கெட்டியாகக் கரைத்து, காயைச் சற்று நேரம் முக்கி எடுத்துத் தண்ணீரில் அலசினேன். தோலின் மேல் மெழுகுப் படலம் இருப்பதால் நல்ல இடத்தில் நீலம் ஒட்டாது, கீறல் உள்ள இடத்தில் ஏறிக்கொள்ளும். பெரிய பழக் கிடங்குகளில் வேறு ரசாயனத்தை வைத்து இதேபோல் காயத்தை நிறம் காட்ட வைப்பார்கள். நீலம் பட்ட காய்களைச் சாப்பிடவோ விற்கவோ கூடாது, குழியில்தான் போட வேண்டும்.

மரத்திலிருந்து நேராக ஒரு கூடை, சாக்கில் கட்டி இழுத்து வந்தது ஒரு கூடை, கிரேட்டில் அடுக்கியது ஒரு கூடை என்று எடுத்து முக்கினேன். கண்ணுக்குப் பளபளவென்று இருந்த காய்களில் என்னென்னவோ தெரிந்தது. நீளக் கோடு கோடாகச் சில, அது முள். எலுமிச்சை மரத்து முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காற்றடித்தால் காயே முள்ளில் போய் இடிக்கும். குண்டூசித் தலை அளவு புள்ளிகள் கூட்டமாக இருந்தன, அது கிரேட்டின் அடியில் ஒட்டியிருந்த மணலும் சிறுகல்லும். ஒரு காயின் காம்புக் குச்சி அடுத்த காயில் குத்திய துளைகள். அப்புறம் பிறை பிறையாகச் சில கோடுகள். அது என்னவென்று முதலில் பிடிபடவில்லை. காயைக் கையில் எடுத்து என் கட்டைவிரல் நகத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தபோது அச்சாகப் பொருந்தியது.

இதில் புதுசு எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலிபோர்னியாவிலிருந்து கிழக்கே ரயிலில் போகும் ஆரஞ்சு வழியிலேயே அழுகுகிறது என்று 1904 வாக்கில் பெரிய புகார். அமெரிக்க வேளாண் துறையிலிருந்து ஜி. ஹெரால்ட் பவல் என்பவர் தம் குழுவோடு போய்ப் பார்த்தார். ரயிலைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். பவல் தோட்டத்திலிருந்து தொடங்கினார். பறிக்கும் கத்தரிக்கோல் முனை தோலைக் கீறுவதும், நீளமாக விட்ட காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்துவதும், பெட்டிக்குள் கிடக்கும் கல்லும் மணலும்தான் காரணம் என்று காட்டி 1908-இல் அறிக்கை வெளியிட்டார். நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பட்டியலும் எங்கள் நீலக் காய்கள் காட்டிய பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான். முள்ளையும் சாக்கையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

பறிப்பதில் மாற்றியது

எங்கள் பக்கம் பழுத்து உதிர்ந்ததைக் காலையில் பொறுக்குவதும், மிச்சத்தைத் துரட்டியால் உலுக்கி விழவைப்பதும் வழக்கம். அன்றைக்கே சந்தைக்குப் போகிற காய்க்கு அது போதும். தொட்டியில் வைக்கும் காய்க்குச் சரிப்படாது. தரையில் விழுந்த காய் எதுவும் தொட்டிக்குள் போகக்கூடாது என்று முதலில் பிரித்தேன். தொட்டிக்குப் போவதைக் கையெட்டும் உயரத்தில், மஞ்சள் ஏறத் தொடங்கும் முன், வெளிர்பச்சையில் பறிப்பது. முனை மழுங்கிய சின்னக் கத்தரியால் காம்பைக் காயோடு ஒட்ட வெட்டுவது, ஆனால் காம்படியில் காயோடு ஒட்டியிருக்கும் அந்தப் பச்சைப் பொட்டு பிய்யாமல். பிடுங்கி இழுத்தால் பொட்டோடு ஒரு துணுக்குத் தோலும் வந்துவிடும், அந்த இடம் திறந்த கதவு.

பல வருஷமாக எங்கள் தோட்டத்தில் காய் எடுக்கும் அக்காவுக்கு இது ஏற்கவில்லை.

“தம்பி, ஒவ்வொண்ணா கத்தரி வச்சு வெட்டுனா பொழுது சாய்ஞ்சிரும். நாங்க பாட்டுக்கு உலுக்கிப் பொறுக்கிட்டுப் போறோம்.”

“சந்தைக்குப் போறத உலுக்குங்கக்கா. தொட்டிக் காய் மட்டும் வெட்டுனாப் போதும். அதுக்குக் கூலி தனியாத் தாரேன்.”

“கையுறை வேற போடணுமாக்கும்? முள்ளே எங்களுக்குப் பழகிப்போச்சு.”

கையுறை அவர் கைக்கு இல்லை, காய்க்கு என்று சொல்லி நீலக் காயைக் காட்டினேன். பிறைக்கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “நகத்த வெட்டிக்கிட்டு வந்தாச் சரியாப் போச்சு” என்றார். கையுறை கடைசிவரை யாரும் போடவில்லை. நகம் வெட்டிக்கொண்டு வருகிறார்கள். அதுவே போதுமானதாக இருக்கிறது.

இன்னொரு மாற்றம் நேரத்தில். பனி இருக்கும் விடியற்காலையில் தோல் நீர் கட்டி விறைத்திருக்கும். அப்போது அழுத்திப் பிடித்தாலே எண்ணெய்ச் சுரப்பிகள் உடைந்து, எண்ணெய் பட்ட இடம் கருகி, பூசணத்துக்கு வாசல் ஆகிவிடும். அதனால் தொட்டிக் காயை ஒன்பது மணிக்கு மேல், இலையில் ஈரம் காய்ந்த பிறகு பறிக்கிறோம். மழை பெய்த மறுநாள் பறிப்பதே இல்லை.

கிரேட்டுகளை வெயிலில் கவிழ்த்துப் போட்டு உள்பக்கமெல்லாம் கையால் தடவிப் பார்த்தேன். புது கிரேட்டின் வார்ப்பு விளிம்பில் பிளாஸ்டிக் பிசிறு கத்தி மாதிரி நிற்கும். பழைய கத்தியைச் சூடுபண்ணி அதைத் தேய்த்து மழுக்கினேன், கருகிய வாடைக்கு வீட்டில் திட்டு கிடைத்தது. அடியில் பழைய பருத்திச் சேலையை மடித்துப் போட்டேன். கிரேட்டில் முக்கால் உயரத்துக்கு மேல் நிரப்புவதில்லை. தொட்டிக்குள் கிரேட் நேராகத் தளத்தில் உட்காராமல் இரண்டு செங்கல் மேல் உட்காரும், நனைக்கும்போது மணல் கரைந்து வந்தாலும் காயில் படாது.

சோடாத் தண்ணீர்

எவ்வளவு பார்த்துப் பறித்தாலும் முள் கீறல் இருக்கத்தான் செய்யும். அதற்கு ஆப்ப சோடா. சோடியம் பைகார்பனேட்டிலும் சலவை சோடாவிலும் ஆரஞ்சை முக்கும் பழக்கம் கலிபோர்னியாவில் 1920-களிலேயே இருந்தது. பூசணக்கொல்லிகள் வந்தபிறகு ஒதுங்கியது. அவற்றுக்குப் பூசணம் பழகிக்கொள்ளத் தொடங்கியதும், மருந்து மிச்சம் பற்றிய கவலை எழுந்ததும், 1990-களில் மறுபடி ஆராய்ச்சிக்கு வந்தது. வெளிநாட்டு ஆரஞ்சுப் பெட்டியின் ஓரத்தில் இமசாலில் என்று அச்சடித்திருந்தால், அது இந்தப் பூசணத்துக்காகப் போட்ட மருந்து. நான் மாலைக்கும் ஊறுகாய்க்கும் தோலோடு போகிற காய்க்கு அந்த வழியில் போக விரும்பவில்லை.

நாங்கள் செய்யும் அளவு: 20 லிட்டர் தண்ணீருக்கு 600 கிராம் ஆப்ப சோடா, அதாவது 3 சதவீதம். தண்ணீர் 41, 42 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் பதினாறரை லிட்டரில் கொதிக்கும் தண்ணீர் மூன்றரை லிட்டர் ஊற்றினால் அந்தச் சூடு வந்துவிடும், தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. சோடாவை அதற்குப் பிறகுதான் போட வேண்டும். சோடா போட்ட தண்ணீரை அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைத்தால் கரியமில வாயு போய், காரம் ஏறிச் சலவை சோடா பக்கம் நகர்ந்துவிடும், மெல்லிய தோல் அதைத் தாங்காது.

பறித்த காயை மண் போகக் கழுவி, வலைப்பையில் போட்டு இரண்டு நிமிஷம் முக்குகிறோம். எடுத்ததும் நல்ல தண்ணீரை மேலே லேசாக ஊற்றி விடுவதோடு சரி. தேய்ப்பதோ, குழாயை அழுத்தமாகப் பீய்ச்சுவதோ கூடாது. சோடா வித்தைக் கொல்வதில்லை. கீறலுக்குள் தங்கி அந்த இடத்தைக் காரமாக்கி முளைக்கவிடாமல் வைக்கிறது. அலசித் தள்ளிவிட்டால் செய்த வேலை வீண். மேல் தோலில் அப்படியே காயவிட்டாலும் காய் சீக்கிரம் நீர் இழந்து தொய்கிறது, அதனால்தான் அந்த லேசான அலசல்.

இதற்கு இரண்டு எல்லை உண்டு. பறித்த அன்றே முக்க வேண்டும், வித்து முளைத்துச் சதைக்குள் இறங்கிய பிறகு பயன் குறைந்துவிடும். முக்கிய பிறகு புதிதாகப் படும் கீறலுக்கு எந்தக் காவலும் கிடையாது. எங்கள் காய் இந்தச் சூட்டைத் தாங்கியது. வேறு மரத்துக் காய்க்கு முதலில் ஒரு கூடை வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் செய்யலாம். வேலை முடிந்த சோடாத் தண்ணீரை மரத்தடியில் ஊற்றாதீர்கள். அவ்வளவு சோடியம் மண்ணைக் கெடுக்கும். நான் பாதையில் புல் மண்டிய இடத்தில் ஊற்றுகிறேன்.

தகர ஷெட்டில் இரண்டு நாள்

இது எனக்கே சந்தேகமாக இருந்த வேலை. குளிர வைக்கவேண்டிய காயை முதலில் சூட்டில் வைப்பது. 1948-இல் புளோரிடாவில் ஹாப்கின்ஸ், லௌக்ஸ் என்ற இருவர் ஆரஞ்சில் செய்து காட்டியது. 30-க்கு மேல் சூடும் நிறைய ஈரப்பதமும் இருக்கும் அறையில் ஓரிரு நாள் வைத்தால், பூசணம் மந்தமாகிக் கிடக்கும் அந்த இடைவெளியில் காய் தன் காயத்தைத் தானே கெட்டிப்படுத்திக்கொள்கிறது. சதையில், மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னின் மாதிரியான பொருள் படிந்து வாசல் அடைபட்டுவிடுகிறது.

எங்களிடம் மோட்டார் ரூமை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஷெட் இருக்கிறது. பகலில் 34, 35 சாதாரணமாக ஏறும். முக்கி எடுத்து மேல் ஈரம் காய்ந்த காயைக் கிரேட்டோடு அங்கே வைத்து, நனைத்த சாக்கால் மூடி, சாக்கு காயாமல் பார்த்துக்கொள்கிறோம். ராத்திரியில் சூடு இறங்கும். அதற்குக் கதவை அடைத்துவைப்பதைத் தவிர வேறு ஏற்பாடு செய்யவில்லை. 37, 38 ஏறும் நாட்களில் கதவைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காய் வெந்த வாடை அடிக்கும். இரண்டு நாள் கழித்துக் காய்களை ஒன்றொன்றாக உருட்டிப் பார்த்து, அமுங்குவதைக் கழித்துவிட்டு மிச்சம் தொட்டிக்குப் போகும். கழிக்கும் காயில் பூசணம் இல்லாமல் கீறல் மட்டும் உள்ளவை ஊறுகாய்க்கு. உப்பில் போட்டுவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் இந்த ஷெட் வேலை நடக்காது. வெயிலே இல்லாமல் சூடு எங்கிருந்து வரும்? அந்தச் சீசனில் சோடாவோடு நிறுத்திக்கொண்டு, பத்து நாளுக்கு மேல் வைக்காமல் தள்ளிவிடுகிறோம். தொட்டியும் அப்போது அவ்வளவு குளிராது. காற்றிலேயே ஈரம் இருக்கும்போது மணல் ஈரம் எப்படி ஆவியாகும்?

தொட்டிக்குள் தினப்படி

அழுகிய காயை வெறுங்கையால் தூக்கினால் தூள் பறந்து தொட்டி முழுக்க இறங்கும். ஒரு பிளாஸ்டிக் பையை உள்வெளியாகக் கையில் மாட்டி, காயைப் பிடித்து, பையை அப்படியே திருப்பி முடிச்சுப் போட வேண்டும். மூச்சையும் அந்த நேரம் அடக்கிக்கொள்வது நல்லது, ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம். பையிலிருந்து காயைத் தோட்டத்துக்கு வெளியே ஒரு அடிக் குழியில் தட்டி மண் மூடுகிறோம்.

எந்தக் கிரேட்டில் அழுகல் இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டிப் பார்க்க வேண்டியதில்லை, கொட்டினால் அதுவே புதுக் காயம். நிறத்தைப் பார்த்தால் போதும். பச்சைக் காயாக அடுக்கிய கிரேட்டில் ஒரு இடத்தில் மட்டும் ஐந்தாறு காய் சேர்ந்து மஞ்சளாகியிருந்தால், அதற்கு நேர் கீழே ஒன்று அழுகிக்கொண்டிருக்கும். இந்தப் பூசணம் எத்திலீன் வாயுவை நிறைய விடும். பழுக்க வைக்கும் அதே வாயுதான். இது 1940 வாக்கிலேயே ஆய்வில் தெரிந்த விஷயம். எத்திலீன் பட்ட பக்கத்துக் காய்கள் மற்றவற்றை முந்திக்கொண்டு மஞ்சளாகின்றன. ஒரு தடவை மஞ்சள் வட்டத்தின் நடுவில் மேலே எந்த அழுகலும் காணாமல் விட்டுவிடப் பார்த்தேன். இரண்டு அடுக்குக் கீழே கைவிட்டபோது, சேலை மடிப்போடு ஒட்டிக்கொண்டு பாதி பச்சையாக ஒன்று கிடந்தது. மஞ்சளான காய்கள் கெட்டவை அல்ல. அவற்றை முதலில் விற்றுவிட வேண்டும், அவ்வளவுதான்.

கிரேட் காலியானதும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பிறகு பிளீச் கலந்த தண்ணீர். கடையில் விற்கும் 5 சதவீதத் திரவம் என்றால் லிட்டருக்கு 4 மில்லி. முதலில் அழுக்கு போகாவிட்டால் குளோரின் அழுக்கோடு தீர்ந்துவிடும், வித்தைத் தொடாது. ஒரு எச்சரிக்கை: எலுமிச்சைச் சாறு தேங்கிய கிரேட்டில் கெட்டியான பிளீச்சை நேராக ஊற்றாதீர்கள். அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், தொண்டையைப் பிடித்துக்கொள்ளும்.

முன்பு மூன்றாவது வாரத்தில் கிரேட்டில் கால்வாசி கழிவாகப் போகும். இப்போது ஒன்றிரண்டு, அதிகம் போனால் நாலைந்து காய். பறிகூலி கூடியிருக்கிறது, சோடாச் செலவு பெரிசில்லை. விலை ஏறாத சீசனில் இத்தனை மெனக்கெடல் கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. ஆடி வெள்ளிகளில் அம்மன் கோயில்களுக்கு மாலை கட்டுபவர்கள் புள்ளி இல்லாத காயாகக் கேட்பார்கள், அதற்கு நல்ல விலையும் தருவார்கள். நான் கணக்குப் போடுவது அந்த வாரங்களை வைத்துத்தான்.

பச்சைப் பூசணம் அடங்கியபிறகு மிச்சமாகத் தெரிவது காம்பழுகல். அதைக் கொண்டுவரும் லேசியோடிப்ளோடியா பூசணம் மரத்தில் காய்ந்து நிற்கும் குச்சிகளில் குடியிருந்து, மழைத் தண்ணீரோடு காயின் காம்புப் பொட்டுக்கு அடியில் வந்து ஒளிந்துகொள்கிறது. பொட்டு காய்ந்து விடுபடும்போது உள்ளே நுழையும். சோடாத் தண்ணீர் அந்த இடுக்குக்குள் போவதில்லை, எவ்வளவு நேரம் முக்கினாலும் சரி. அதற்கு மரத்திலேயே வேலை பார்க்க வேண்டும். இந்த மழைக்கு முன்னால் பட்ட குச்சிகளையெல்லாம் வெட்டி எரித்துவிடலாம் என்று இருக்கிறேன். முள்ளுக்குள் கைவிட்டு வெட்ட ஆள் கிடைப்பதுதான் பெரிய பாடாக இருக்கிறது.